குலுக்கலில் வந்த பெயர்

கால்பந்துப் போட்டி நடத்துவது என்றால் சுண்ணாம்பில் கோடு போட்டு, வலையைக் கட்டி, விசிலை ஊதுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பிடித்துவந்து, கல்லூரிகளுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் போட்டியின் செயலாளர் நாற்காலியில் ஒரே ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். இரண்டு அணியும் நீலச் சட்டையோடு வந்து நிற்கும். அடையாள அட்டையில் மீசை இருக்கும், ஆளிடம் இருக்காது. ஆம்புலன்ஸ் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று விதி இருக்கும், ஆம்புலன்ஸ் டிரைவர் சாப்பிடப் போயிருப்பார். தோற்ற அணியின் பயிற்சியாளர் வந்து மேஜையைத் தட்டுவார். ஜெயித்த அணியின் பயிற்சியாளர், குளிக்கத் தண்ணீர் வரவில்லை என்று அதே மேஜையைத் தட்டுவார். சாயங்காலத்துக்குள் நம்ம ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடியே போய்விடுவார்.

அந்த நாற்காலியில் பல வருஷமாக ஓடாமல் உட்கார்ந்திருந்தவள், போட்டியை நடத்தும் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. மாணவர்கள் அவளுக்கு ரூல்ஸ் மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. இருக்காதா பின்னே? போட்டி விதிகளை வரிக்கு வரி எழுதியவளே அவள்தான். யார் வந்து என்ன சலுகை கேட்டாலும் "விதி என்ன சொல்லுது?" என்று ஒரே கேள்வி. சொந்தத் தம்பி கேட்டாலும் அதேதான்.

அந்தத் தம்பியால்தான் வம்பு.

தம்பி, விவசாயக் கல்லூரி அணியின் பயிற்சியாளர். அம்மா போனபோது அவன் மூக்கு ஒழுகும் பையன். சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சலில் கண் விழித்தது எல்லாம் அக்காதான். வளர்ந்து ஆளாகி, பந்தைக் கட்டிக்கொண்டு அழுது, கடைசியில் தற்காலிகப் பயிற்சியாளர் என்று ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டான். அதற்கும் இந்த வருஷம் ஆபத்து வந்தது. கல்லூரி நிர்வாகம் அவனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அணி அரையிறுதிக்குப் போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் அடுத்த வருஷம் கால்பந்தே கிடையாது, அந்த மைதானத்தை உழுது நாற்றங்கால் போட்டுக்கொள்கிறோம். சொன்னால் செய்யக்கூடியவர்கள்தான். டிராக்டர் அவர்களிடமே இருக்கிறது.

இப்போது நிலவரத்தைக் கேளுங்கள். பதினாறு கல்லூரிகள், நாலு பிரிவு. பிரிவில் முதலில் வருகிற அணிக்கு மட்டும்தான் அரையிறுதி. மூன்று பிரிவு ஒழுங்காக முடிந்துவிட்டது. நாலாவது பிரிவில், சட்டக் கல்லூரியும் விவசாயக் கல்லூரியும் ஒட்டிப் பிறந்த மாதிரி வந்து நின்றன. புள்ளி சமம். அடித்த கோல் சமம், வாங்கிய கோல் சமம். இரண்டும் முதல் நாள் மோதிக்கொண்ட ஆட்டமும் டிரா. சரி, யார் ஒழுங்காக ஆடினார்கள் என்று பார்ப்போமே என்று மஞ்சள் அட்டைகளை எண்ணினால், பாழாய்ப் போன அதுவும் சமம்.

பெனால்டி அடிக்க விட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். போட்டியின் தலைமை நடுவரான பெரிய ரெஃபரியும் அதைத்தான் கேட்டார். விதியில் அதற்கு இடமில்லை. எல்லாம் சமமாக இருந்தால், இரண்டு அணித்தலைவர்கள் முன்னால், செயலாளர் குலுக்கல் மூலம் முடிவு செய்வார் என்று இருந்தது. எழுதியவள் யார்? இவள்தான். எழுதும்போது, இப்படி ஒரு நாள் வரும் என்று கனவா கண்டாள்? நாளைக் காலையில் அரையிறுதி. இன்றைக்கு ராத்திரிக்குள் யார் ஆடுவது என்று எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

அவள் பிரின்சிபால் அறைக்குப் போனாள். போட்டிக் குழுவின் தலைவர் அவர்தான். வேதியியல்காரர். ஆஃப்சைடு என்றால் என்ன என்று பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, பலமுறை மறந்தவர்.

"சார், இந்தக் குலுக்கலை நான் எடுக்கலை. ஒரு பக்கம் என் தம்பி. வேற யாராவது எடுக்கட்டும்."

"விதியில செயலாளர்னுதானே இருக்கு?"

"இருக்கு சார். ஆனா பார்க்கிறவங்க..."

"ஏம்மா, உங்களைப் போயி யாராவது தப்பா நினைப்பாங்களா? விதியை எழுதின நீங்களே விதியை மீறினா நல்லா இருக்குமா?"

அவள் ஆயுதத்தை எடுத்து அவளையே குத்திவிட்டார் மனுஷன். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

உடற்கல்வித் துறை அறையில் கூட்டம். சுவர் ஓரமாகக் கோப்பைகள் அடுக்கிய அலமாரி, மூலையில் காற்றுப் போன பந்துகள், வியர்வையும் தைலமும் கலந்த வாடை. மேஜைக்கு அந்தப் பக்கம் சட்டக் கல்லூரிப் பயிற்சியாளர் தாடி சார், அவர் அணித்தலைவன் வக்கீல். இன்னும் படிப்பு முடிக்காத பையன்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் நீதிபதியே எழுந்து நின்றுவிடுவார் என்று அந்தப் பேர். இந்தப் பக்கம் தம்பி. பக்கத்தில் அவன் அணித்தலைவன், கோல்கீப்பர் கொக்கு. நெட்டைக் காலும் நெட்டைக் கையுமாக, கதவு நிலையைத் தலை தொட நின்றான். நடுவில் பிரின்சிபாலும் பெரிய ரெஃபரியும். வாசலில் இரண்டு அணிப் பையன்களும் ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனோ ஒருவன் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது. அந்த ஒரே நினைப்புதான் அவளுக்கு. டேபிள் டென்னிஸ் பந்து இரண்டை எடுத்து, வக்கீலிடமும் கொக்கிடமும் கொடுத்து, அவரவர் கல்லூரிப் பேரை அவரவர் கையாலேயே எழுதச் சொன்னாள். புது ஷூ பை ஒன்றை உதறி, திருப்பிப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று வாசல் வரைக்கும் காட்டினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வளையலைக் கழற்றினாள். பையை வக்கீலிடம் கொடுத்துக் குலுக்கச் சொன்னாள், கொக்கிடம் கொடுத்துக் குலுக்கச் சொன்னாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டாள்.

இதில் வருகிறவர்கள் நாளைக்கு அரையிறுதி ஆடுகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. விரலில் பட்டதை எடுத்தாள், பார்த்தாள், படித்தாள்.

"விவசாயக் கல்லூரி."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தன.

கொக்கு, தம்பியை அப்படியே அலாக்காகத் தூக்கினான். எதிர்ப் பக்கம் வக்கீல், தாடி சாரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினான். வாசலில் விவசாயக் கல்லூரியின் பச்சைச் சட்டைகளும் குதித்தன, சட்டக் கல்லூரியின் வெள்ளைச் சட்டைகளும் குதித்தன. கொஞ்ச நேரம் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவனாக எதிராளி ஏன் சிரிக்கிறான் என்று பார்க்க ஆரம்பித்தான். சத்தம் வடிந்தது. கொக்கு தம்பியை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான்.

"நீங்க எதுக்கு சார் குதிக்கிறீங்க?" என்று தம்பி கேட்டான்.

"பின்னே? நீங்க வெளியே போயாச்சே, குதிக்காம?" என்றார் தாடி சார்.

அவளுக்கு உச்சந்தலையில் இடி இறங்கியது. வளையலைக் கழற்றத் தெரிந்தவளுக்கு, பையைத் திருப்பிக் காட்டத் தெரிந்தவளுக்கு, வந்த பேர் உள்ளேயா வெளியேயா என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. தான் ஏமாற்றவில்லை என்று காட்டுவதிலேயே குறியாக இருந்து, குலுக்கல் எதற்கு என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். வேறு எவளாவது இப்படிச் செய்திருந்தால் இவளே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

"உலகத்துல எங்க குலுக்கல் போட்டாலும், வர்ற பேருக்குத்தானே பரிசு?" என்றான் தம்பி.

வக்கீல் தொண்டையைச் செருமினான். "உலகத்தை விடுங்க சார். இந்தப் போட்டியிலேயே முன்னுதாரணம் இருக்கு. பதினேழு கல்லூரி விண்ணப்பம் போட்டுச்சு, இடம் பதினாறுதான். அன்னைக்கும் மேடம்தான் குலுக்கிப் போட்டாங்க. பல் மருத்துவக் கல்லூரின்னு பேரு வந்துச்சு. அவங்க உள்ளே வந்தாங்களா, வெளியே போனாங்களா?"

"அது ஒருத்தரை வெளியே அனுப்பறதுக்குப் போட்ட குலுக்கல்."

"இது எதுக்குப் போட்டதுன்னு யாராவது சொன்னாங்களா சார்?"

சொல்ல வேண்டியவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை எடுத்துட்டாப் போச்சு" என்றார் பெரிய ரெஃபரி.

"அது எப்படி சார், ஜெயிச்சவங்களை மறுபடி குலுக்குவீங்க?" என்று இரண்டு பயிற்சியாளர்களும் சொல்லிவைத்த மாதிரி ஒரே குரலில் கேட்டார்கள். வாசலில் தள்ளுமுள்ளு. பச்சைச் சட்டை ஒருவன் வெள்ளைச் சட்டை ஒருவனின் காலரைப் பிடித்தான். பெரிய ரெஃபரி விசிலை எடுத்து, அறைக்குள்ளேயே காது கிழிய ஊதினார். பையன்கள் பழக்க தோஷத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அந்த அமைதியில்தான் பிரின்சிபாலுக்கு ஞானம் பிறந்தது. அவர் பாட்டுக்கு ஆஃப்சைடை மறந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இதுல என்னப்பா குழப்பம்? எடுத்தது மேடம். என்ன நினைச்சு எடுத்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க சொல்லட்டும், அதுதான் முடிவு. இரண்டு பேருக்கும் சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றான் தம்பி சட்டென்று. அவன் முகத்தில் கலக்கம் போயே போய்விட்டது. அக்கா பொய் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

தாடி சார் யோசித்தார். தாடியைத் தடவினார். அவளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்களுக்கும் சம்மதம். மேடம் நேர்மை ஊருக்கே தெரியும். அவங்க மேல முழு நம்பிக்கை இருக்கு."

நம்பிக்கையா அது? தலையில் பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. எல்லாக் கண்ணும் அவள் மேல். வாசலில் அந்த ஃபோன் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

உள்ளே என்று சொன்னால் அதுதான் உண்மை. ஆனால் நாளைக்கு மைதானத்துக்கு மைதானம் என்ன பேசுவார்கள்? அக்கா எடுத்தாள், தம்பி பேர் வந்தது, உள்ளேயா வெளியேயா என்று அக்காவே சொன்னாள். சிரிப்பார்கள். அவள் எழுதின விதி, போட்ட தடை, திருப்பி அனுப்பின அணிகள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துச் சிரிப்பார்கள். வெளியே என்று சொன்னால்? ஒருவன் வாய் திறக்க மாட்டான். கூடப் பிறந்தவனுக்கு எதிராக எவளாவது பொய் சொல்வாளா? உண்மையைச் சொன்னால் ஊரே சந்தேகப்படும், பொய் சொன்னால் ஊரே நம்பும். இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

"சொல்லுங்கம்மா."

"வந்தவங்க வெளியேன்னு நினைச்சுதான் எடுத்தேன்" என்றாள்.

வெள்ளைச் சட்டைகள் கூரை இடியக் கத்தின. தாடி சாருக்கு வாய் பிளந்தே போய்விட்டது, இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. பிரின்சிபால் எழுந்து நின்று கைதட்டினார். "பார்த்துக்கங்கப்பா, இதுக்குப் பேருதான் நேர்மை" என்று வாசலைப் பார்த்து ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். அவள் தம்பியைப் பார்க்கவில்லை. அவன் நின்ற பக்கத்திலிருந்து நாற்காலி நகர்கிற ஓசை கேட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அரையிறுதி அட்டவணையைத் தட்டினாள். சட்டக் கல்லூரி என்று தட்டும்போது விரல் இரண்டு முறை தப்பியது. எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பினாள். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் சரி, நன்றி என்று பதில் வந்துகொண்டிருந்தது. ஒருவர், உங்களைப் போல ஆள் இருப்பதால்தான் இந்தப் போட்டிக்கு மரியாதை என்று வேறு எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எழுந்து வெளியே போனாள்.

தம்பி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் குனிந்து, பந்துகளை ஒவ்வொன்றாக வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டும் நிமிரவில்லை.

"டேய்."

"ம்."

"ஏதாவது பேசுடா. திட்டணும்னா திட்டிடு."

"என்னத்தைத் திட்ட?" இன்னொரு பந்தை உள்ளே போட்டான். "பந்தை எடுத்துப் பார்த்தப்போ நீ சிரிச்சேக்கா. ஒரு நொடிதான். நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? நான் பத்தாவது பாஸானப்போ சிரிச்ச சிரிப்பு அது."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வேலை போனா போகட்டும். எங்கேயாவது மூட்டை தூக்கிப் பிழைச்சுக்குவேன். பசங்ககிட்ட என்ன சொல்லட்டும்? மழையிலயும் சேத்துலயும் புரண்டு வந்தீங்கடா, எங்க அக்கா தனக்கு நல்ல பேரு வேணும்கிறதுக்காக உங்களை வித்துட்டாள்னு சொல்லவா?"

"அப்படிச் சொல்லாதடா."

"பின்னே எப்படிச் சொல்றது? நீயே சொல்லிக் குடு."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. அழவில்லை. வந்த வழியே திரும்பினாள். ஓடினாள் என்றே சொல்ல வேண்டும், காலில் செருப்பு நிற்கவில்லை.

அறையில் நாளைக்கு யார் எந்த நிறச் சட்டை போடுவது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிரின்சிபால், பெரிய ரெஃபரி, தாடி சார், வக்கீல் நாலு பேரும் அங்கேயே இருந்தார்கள். முன்னால் டீக் குவளைகள். அவள் மூச்சிரைக்க மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். வந்தவங்க உள்ளேன்னு நினைச்சுதான் எடுத்தேன். தம்பிக்குச் சாதகம் பண்ணினேன்னு பேசுவாங்கன்னு பயந்து மாத்திச் சொன்னேன். விவசாயக் கல்லூரிதான் ஜெயிச்சது."

பிரின்சிபால் குவளையை வைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தாடி சார் எழுந்திருக்கப் போனார். வக்கீல் அவர் கையைத் தொட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தான் எழுந்தான். மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் கொடுமை.

"மேடம், ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா? இப்போ எங்கிருந்து வர்றீங்க?"

"வெளியே இருந்து."

"வெளியே யாரைப் பார்த்துப் பேசினீங்க?"

அவள் மேஜையில் இருந்த டீக் குவளைகளைப் பார்த்தாள்.

"மேடம்?"

"என் தம்பியை."

"வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தான்.

அவ்வளவுதான். ஆகாயத்தைப் பிளந்துகொண்டு உண்மையே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் இனிமேல் செல்லாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் அவளும் நம்பியிருக்க மாட்டாள். முதலில் எல்லோர் முன்னாலும் கலங்காமல் ஒன்றைச் சொன்னவள். அப்புறம் போய்த் தம்பியைப் பார்த்தவள். கண் சிவந்து ஓடி வந்து வேறொன்றைச் சொல்கிறவள். சின்னக் குழந்தைகூட எது நிஜம் என்று சொல்லிவிடும்.

"விடுங்க மேடம்" என்றார் தாடி சார். நிஜமாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். "கூடப் பிறந்த பாசம். யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாங்க. நாங்க இதை வெளியே சொல்ல மாட்டோம்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"சார், நான் சொல்றது சத்தியம்."

"அம்மா, அறிவிச்சாச்சு. எல்லாக் கல்லூரிக்கும் அட்டவணை போயாச்சு. நீங்கதானே அனுப்பினீங்க?" பிரின்சிபாலின் குரலில் முன்னே இருந்த குழைவு இல்லை. "இதுக்கு மேல நீங்க இந்தப் பொறுப்புல இருக்கிறது சரியா வராது. நாளைக்குச் செயலாளர் வேலையை ரெஃபரி சாரே பார்த்துக்கட்டும். செயலாளர் அட்டையை வச்சுட்டுப் போங்க."

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பெரிய ரெஃபரி மட்டும் வாசல் வரை கூட வந்தார். அவர் எத்தனையோ ஆட்டத்தில் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்தவர்.

"எனக்கென்னமோ நீங்க இப்ப சொல்றதுதான் நிஜம்னு தோணுது. ஏம்மா அப்பவே சொல்லலை?"

அவள் அவரைக் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

கல்லூரி வாசலில் விவசாயக் கல்லூரி வேன் நின்றுகொண்டிருந்தது. பையன்கள் ஏறிவிட்டார்கள். தம்பி பின்கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கழுத்தைப் பார்த்தான். அட்டை இல்லாததைப் பார்த்தான்.

"போய்ச் சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"இல்லைடா."

அவன் கொக்கியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். கோபம் வடிந்துபோன முகம். அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"முதல்ல கேட்டப்போ சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்கக்கா. தாடி கொஞ்சம் முணுமுணுத்திருப்பாரு, அவ்வளவுதான். சம்மதம்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாருல்ல? எல்லாரும் உன்னை நம்பிட்டுத்தான் இருந்தாங்க. நீதான் நம்பலை."

தெருவில் ஒரு லாரி போனது. அது போனதும் தம்பி கொக்கியை மாட்டி முடித்தான்.

"நாற்றங்கால் போட்டா போடட்டும்" என்றான் தம்பி. "ஆனா பசங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். ஏறு. நீயே சொல்லு."

அவள் ஏறினாள். வேனுக்குள் பேச்சு நின்றது. முழங்காலில் கட்டுப் போட்டவன், ஜன்னலில் தலையைச் சாய்த்தவன், ஈர ஷூவை மடியில் வைத்திருந்தவன் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கொக்கு எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல், பையில் கை விட்டதிலிருந்து அட்டையைக் கழற்றியது வரை சொன்னாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஒருவனும் திட்டவில்லை.

கொக்குதான் கேட்டான். கூரை இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்.

"அப்போ நாங்க ஜெயிச்சோமா மேடம்?"

"ஜெயிச்சீங்கப்பா."

"அப்புறம் ஏன் மேடம் நாங்க வீட்டுக்குப் போறோம்?"

டிரைவர் சாவியைத் திருப்பப் போன கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கொக்கு அவள் முகத்தையே பார்த்தபடி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.